ஆள் வருது

பின் வரிசையில் இருப்பவர்கள் கைபேசியை உள்ளே வையுங்கள். நான் காத்திருக்கிறேன்... நன்றி. நாளை முதல் உங்களில் ஒவ்வொருவரும் ஐந்து முதலாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டி. அதற்கு முன்னால் சின்னதாக ஒரு கதை வைத்திருக்கிறேன், கேட்டுவிட்டுப் போங்கள்.

மதுரையில் ஒரு மகளிர் விடுதி. அங்கே ஃபர்ஹானா என்று ஒரு மூன்றாமாண்டு மாணவி, உங்களைப் போலவே வழிகாட்டி. அவள் பொறுப்பில் சுகிர்தா, வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த பெண். வாரம் தவறாமல் ஃபர்ஹானா கேட்பாள், "எப்படிடி இருக்க?" "நல்லா இருக்கேன்க்கா." அவ்வளவுதான்.

வெளியே சாப்பிடப் போகிறவர்கள் மெஸ் நோட்டில் பெயரும் காரணமும் எழுத வேண்டும். ஞாயிறுதோறும் சுகிர்தாவின் பெயர் இருக்கும். காரணம், 'மாமா வீடு.' ஃபர்ஹானா அதைப் பார்த்துவிட்டு, வழிகாட்டிகளுக்குத் தரும் படிவத்தில் எழுதினாள்: 'உள்ளூரில் உறவினர் உண்டு. பிரச்சினை இல்லை.' அழகான கையெழுத்து... ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் ஃபர்ஹானா டவுன் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் சுகிர்தா.

"மாமா வீட்டுக்கா?"

அவள் வாய் திறக்குமுன் கண்டக்டர் முந்திக்கொண்டார். "மாமா வீடா? இது நாலாவது டிரிப்பும்மா. போன வாரமும் இப்படித்தான். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னதும் பஸ்ஸையே வீடாக்கிடுச்சு இந்தப் பொண்ணு. பேசாம என் விசிலை வாங்கிக்கம்மா, நான் போய்த் தூங்குறேன்."

பஸ்ஸே சிரித்தது. சுகிர்தா சிரிக்கவில்லை. மடியில் பாதி தின்ற பன் பாக்கெட். கண்டக்டர் நகர்ந்த பிறகுதான் பேசினாள்.

"எனக்கு மாமாவே கிடையாதுக்கா."

"அப்புறம் ஏன்டி?"

"முதல் ஞாயிறு பிரியாணி. தட்டோட நின்னேன். ஒரு மேசையில, 'ஆள் வருது'ன்னாங்க. அடுத்த மேசையிலயும், 'ஆள் வருது.' மூணாவது மேசையில..."

"யாரு? சொல்லு, நான் கேக்குறேன் அவளை."

"நீங்கதான்க்கா. தலையக்கூட நிமிர்த்தலை."

...

சுகிர்தாவே தொடர்ந்தாள். "நாளைக்கு டி.சி. கேட்டு லெட்டர் குடுக்கப் போறேன். ஊருக்கே போயிடுறேன்."

வழிகாட்டி என்ன சொன்னாள் தெரியுமா? அறிவுரையா? இல்லை. "அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்க" என்றாள். சுகிர்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஃபர்ஹானாதான் மெஸ்ஸுக்கு முதல் ஆள். எதிர் நாற்காலியில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். நோட்டைப் பார்க்கவில்லை. சுகிர்தாவின் பெயர் இருந்துவிடுமோ என்று பயம்.

தோழி ஒருத்தி வந்தாள். "பாட்டிலை எடுடி."

"ஆள் வருது."

"யாரு, பெரிய கவர்னரா?"

"வருவா."

பத்து நிமிடம்... இருபது நிமிடம்... தட்டில் பிரியாணி ஆறிவிட்டது. சமையல்கார அம்மா காலி அண்டாவைக் கழுவ எடுத்துப் போனார். அப்போது வாசலில் தட்டோடு ஒரு பெண்... உள்ளே வருவதா, திரும்பிப் போவதா என்று தெரியாமல்.

ஃபர்ஹானா பாட்டிலை எடுத்தாள். தன் தட்டில் இருந்ததைப் பாதி அவள் தட்டில் தள்ளினாள். அந்தக் கடிதம் அலுவலகத்துக்குப் போகவே இல்லை.

என் வீட்டிலும் எனக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. பதினோரு வருடமாக. அதற்கு இனி ஆள் வராது. அதற்காக உங்களிடம் ஆறுதல் கேட்க நான் வரவில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தால், அது யார் குற்றம்? சொல்லுங்கள்... யார் குற்றம்?

நாளை உங்களுக்கும் படிவம் தருவார்கள். பிழையில்லாமல் நிரப்புங்கள், அதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஆனால் 'நல்லா இருக்கேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை எழுதிக்கொண்டு எழுந்து போகாதீர்கள். அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.