ஏழு குலுக்கல்

மத்தியானம் இரண்டு நாற்பது…

பேய்க் கதை என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு மத்தியானத்தில் ஆரம்பிக்கிறானே கிழவன் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ராத்திரி என்றால் நாயாவது குரைக்கும். வெயில் காலத்து மத்தியானத்தில் அந்தச் சாலையில் அதுவும் கிடையாது. ஊரை விட்டு ஆறு மைல். இரண்டு பக்கமும் பொட்டல். ஒரு வளைவு. வளைவில் ஒரு சின்னப் பாலம். அங்கேதான் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்து செத்துப் போனார். நம் தபால்காரரின் அப்பா.

தபால்காரர் இன்றைக்கு வரவில்லை. அதனால்தான் சொல்ல முடிகிறது. அந்த விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். போதும்… போதும்.

கதை செத்தவருடையதில்லை. அவர் தம்பியுடையது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, தபால்காரரின் சித்தப்பா, அவருடையது.

கண்ணாடிக்காரரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அண்ணன் போன வீட்டில் அண்ணியையும் பையனையும் பார்த்துக்கொண்டே மாடியறையில் வயதாகிவிட்டார். இரண்டு, மத்தியானத் தூக்கம். ஒன்றரைக்குக் கடையைச் சாத்துவார். இரண்டு மணிக்குப் படுப்பார். மூன்றரைக்கு எழுந்து வருவார். நடுவில் யாருக்காவது கண்ணே அவிந்துபோனாலும் மூன்றரை வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

ஊருக்குத் தெரியாதது மூன்றாவது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மத்தியானம்கூட அவர் தூங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்… அவ்வளவுதான்.

வண்டி கொல்லைப்புற ஷெட்டில் சாக்குப் போர்த்தி நின்றது. அந்தக் கால டூ-ஸ்ட்ரோக். எலி சீட்டைத் தின்றுவிட்டது. எலிக்கும் சலித்துப்போய் அதுவும் போய்விட்டது. ஒருநாள் தபால்காரர் சாக்கை உருவிவிட்டு வந்து நின்றார்.

“சித்தப்பா, அப்பா வண்டிய ஓட வைக்கப் போறேன்.”

“எதுக்குடா? பழைய இரும்புக்காரனே வேணாம்பான்.”

“மோப்பத்துக்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து பிரிக்கிறேன்னாரு.”

மோப்பம் என்பது மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர். சைலன்சரில் மூக்கை வைத்து உறிஞ்சிவிட்டு வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். வண்டிக்காரன் கடைசியாக என்றைக்குக் குளித்தான் என்பதையும் சொல்வார் என்பார்கள். அது கொஞ்சம் அதிகப்படி.



“வேணாம்டா,” என்றார் கண்ணாடிக்காரர். “அண்ணன் வண்டி. வேற கை படக் கூடாது. நானே பாத்துக்கிறேன்.”

மூக்குக் கண்ணாடித் திருகாணியைவிடப் பெரிய திருகாணியை வாழ்நாளில் தொடாத மனுஷன் சொல்கிற பேச்சா இது. தபால்காரர் நெகிழ்ந்துபோனார். அண்ணி சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாசம் என்றார்கள். பாசம்தான். பயம் அதைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

ஏன் பயம் என்றால், டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். கலக்காவிட்டாலும் வண்டி கிளம்பும். ஓடும். சில மைல் அழகாகவே ஓடும். பிறகு உள்ளே இரும்பும் இரும்பும் உரசி, பிஸ்டன் அப்படியே கவ்விக்கொள்ளும். ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். மேலே இருப்பவர் முன்னால் பறந்து போவார்.

ஆயில் இல்லாமல் ஓடிய மெஷினைத் திறந்து பிஸ்டனைப் பார்த்தால் தெரிந்துவிடும். மோப்பத்துக்குத் திறக்கவே வேண்டாம்.

அன்றைக்கு நடந்தது இதுதான். காலையில் தம்பி அண்ணன் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய்ச் சுற்றினார். வயது இருபத்து மூன்று. தெருமுனைப் பங்க்குக்கு வரும்போது டேங்க் காய்ந்துவிட்டது. பெட்ரோல் போட்டார். ஆயில் வீட்டு டின்னில் இருக்கிறதே, போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று வந்தார். வந்ததும் சாப்பாடு. சாப்பிட்டதும் படுக்கை.

கீழே அண்ணனுக்கும் அண்ணிக்கும் சண்டை. பெரிய சண்டை இல்லை. சமையலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகுகிறது, அண்ணன் நாளைக்கு நாளைக்கு என்கிறார். கடைசியில் அண்ணி சொன்னார்: “இந்த வீட்ல எதுக்கு இருக்கீங்க? அந்த வண்டியிலேயே இருந்துக்குங்க.”

அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். மணி இரண்டு நாற்பது.

அவருக்கு ஒரு பழக்கம். கிளம்புவதற்கு முன் ஹேண்டில் பாரைப் பிடித்து வண்டியை இடமும் வலமுமாக ஏழு தடவை குலுக்குவார். அடியில் தங்கிய ஆயில் பெட்ரோலோடு கலக்க வேண்டுமே, அதற்காக. அன்றைக்கும் குலுக்கினார். குளுக்… குளுக்… மாடியில் படுத்திருந்தவருக்கு மூன்றாவது குலுக்கலிலேயே ஞாபகம் வந்துவிட்டது. ஆயில் ஊற்றவில்லை.

கண் விழித்துத்தான் கிடந்தார். நாலு… அஞ்சு… ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். காலையில் ஊர் சுற்றியதற்குத் திட்டு விழும். மிஞ்சிப்போனால் தெருமுனை வரைதானே போவார். ஆறு… ஏழு. அதற்குப் பிறகு ஒரு நிசப்தம். அண்ணன் டேங்க் மூடியை இறுக்குகிற நேரம். அந்த நேரத்தில்கூட எழுந்திருக்கலாம்.

இவர் புரண்டு படுத்தார்.

ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது.

சாயங்காலம் ஒரு லாரிக்காரர் வந்து சொன்னார். மணலில் சறுக்கியிருக்கும் என்றார்கள் சிலர். சண்டை போட்டுக்கொண்டு போனாராம், கோபத்தில் முறுக்கியிருப்பார் என்றார்கள் பலர். மனுஷனே போன பிறகு மெஷினைத் திறந்து பார்க்க யாருக்கு மனசு வரும்? அண்ணி அன்றிலிருந்து எந்தக் குழாய் ஒழுகினாலும் வாய் திறந்து சொன்னதில்லை. தானே கந்தையைச் சுற்றி வைப்பார். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போவார்.

போகட்டும். வேலைக்கு வருவோம்.

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் விட்டு ஒன்பது நாள் ஊற வைத்தார். பத்தாம் நாள் கட்டையை வைத்துத் தட்டித் தட்டி சிலிண்டரை உருவினார். பிஸ்டன் கையில் வந்தது. அதன் உடம்பெல்லாம் பூனை பிறாண்டியது போல நீள நீளமாகக் கோடு. கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியில் அதைச் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிலிண்டரைத் தன்னை யாருக்கும் தெரியாத ஊரில், ஒரு லேத் பட்டறையில் குடைவதற்குக் கொடுத்துவிட்டு வந்தார். டேங்கைக் கழற்றி, கூழாங்கல் போட்டுக் குலுக்கித் துருவைக் கழுவி, மொட்டை மாடிக் கொடியில் வாய் கீழாகக் கட்டித் தொங்கவிட்டார், தன் பனியன்களுக்குப் பக்கத்தில். புது ஆயில் டின் ஒன்று வாங்கி, சீல் பிரிக்காமல் ஷெட் அலமாரியில் வைத்தார்.

ஒன்றுதான் முடியவில்லை. பின்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற மடக்குக் கம்பிகள் இரண்டும் மடங்கிய நிலையிலேயே துருவேறி இறுகிக் கிடந்தன. சுத்தியல், மண்ணெண்ணெய், கெட்ட வார்த்தை… எதற்கும் அசையவில்லை. அண்ணன் காலத்தில் அவற்றில் கால் வைத்தவர் ஒரே ஆள்தான். தம்பி.

பிஸ்டன் வெளியே வந்த மறுநாள்… மத்தியானம். வழக்கம்போல் கண்ணை மூடிக் கிடக்கிறார்.

குளுக்.

கீழே, ஷெட்டிலிருந்து.

குளுக்… குளுக்…

எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஏழு. பிறகு நிசப்தம். தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். டேங்க் கொடியில் தொங்குகிறது. அதன் வாயில் ஒரு குளவி போய் வந்துகொண்டிருக்கிறது. கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முன்கூட்டியே இறங்கி, ஷெட் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தார். டேங்க் இல்லாத, சிலிண்டர் இல்லாத, எலும்புக்கூடு மாதிரி நிற்கிற வண்டி. ஹேண்டில் பார் மெதுவாக இடப்பக்கம் போயிற்று. வலப்பக்கம் போயிற்று. குளுக்… பெட்ரோல் வாசனை மூக்கில் ஊசி மாதிரி ஏறியது. சுத்தமான பெட்ரோல். ஆயில் வாசனை ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஏழு முடிந்து நிசப்தம் வந்தது. அவர் உதைக்காகக் காத்திருந்தார். உதை வரவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்று நாளும் உதை வரவில்லை. அங்கே யாரோ… டேங்க் மூடியை இறுக்கிவிட்டு… மாடி ஜன்னலைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நாலாம் நாள் ஏழு எண்ணி முடிந்ததும் கண்ணாடிக்காரர் படுக்கையை விட்டு எழுந்தார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை, இரண்டு நாற்பதுக்கு. சட்டைப் பையில் பிஸ்டன் நெஞ்சில் இடிக்க இடிக்கப் படியிறங்கி, சமையலறைக்குப் போனார்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். கொல்லைக் கதவு ஒருக்களித்திருந்தது.

“அண்ணி… அன்னைக்கு நான்தான் பெட்ரோல் போட்டேன். ஆயில் ஊத்தலை. அண்ணன் குலுக்குறப்ப ஞாபகம் வந்துச்சு. எந்திரிக்கலை.”

மஞ்சள் துணியைப் பிரித்துப் பிஸ்டனை அவர் முன்னால் வைத்தார். அண்ணி அதைத் தொடவில்லை. மடித்த துண்டைப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

“முழிச்சா இருந்தீங்க?”

“முழிச்சுதான் இருந்தேன்.”

குழாயில் கந்தை வழியாக ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

“அதான் கேக்குறாரா?” என்றார் அண்ணி.

“யாரு?”

“உங்க அண்ணன்தான். தினம் இந்த நேரத்துக்கு அந்தக் கதவுக்கு வெளிய நின்னு கேப்பாரு. ‘சின்னவன் எந்திரிச்சானா?’ன்னு. எதுக்குக் கேக்குறாருன்னு தெரியாது. ‘இல்லீங்க, தூங்குறாரு’ம்பேன். போயிடுவாரு.”

“முப்பத்தொரு வருஷமாவா?”

“ஞாயித்துக்கிழமையும்தான்.” துண்டை அடுக்கில் வைத்தார். “வெளிய சொன்னா பைத்தியம்பாங்க. நான் சொன்ன வார்த்தைக்குத்தான் வந்து நிக்கிறாருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. நீங்களும் நினைக்க விட்டுட்டீங்க.”

  

கொல்லைக் கதவின் இடைவெளியில் வெயில் தரையில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோடு நடுவில் மறைந்தது. பெட்ரோல் வாசனை.

“வந்துட்டாரு,” என்றார் அண்ணி, பால்காரரைச் சொல்வதுபோல. “இன்னிக்கு என்ன சொல்லட்டும்?”

 அண்ணி கதவைப் பார்த்துத் திரும்பி, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சொன்னார்:

“எந்திரிச்சுட்டாருங்க.”

கோடு முழுசானது. நாலு எட்டு வைக்கிற நேரம்… பிறகு ஷெட்டில் ஒரு உதை.

ஒரே உதை. பிஸ்டன் இங்கே சமையலறைத் தரையில் கிடக்கிறது. சிலிண்டர் வேறு ஊரில் இருக்கிறது. டேங்க் மாடியில் பனியனோடு காய்கிறது. வண்டி கிளம்பிவிட்டது. படபடவென்று வீட்டைச் சுற்றி வந்து, வாசலைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, சாலையில் ஏறியது. இரண்டு பேரும் அசையாமல் நின்று கேட்டார்கள். ஆறு மைல் சத்தம் எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள். கேட்டது. வளைவில் நிற்கவில்லை. பாலத்தையும் தாண்டிப் போயிற்று.

ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கிறது. கூரை முட்ட நீலப் புகை. கருகிய ஆயில் வாசனை. அலமாரியில் டின்னின் சீல் உடைந்திருந்தது. ஒரு மூடி அளவு குறைந்திருந்தது. இந்தத் தடவை சரியாகக் கலந்திருந்தார்கள்.

வண்டி அப்புறம் தயாராகிவிட்டது. தபால்காரர்தான் ஓட்டுகிறார், நீங்களே பார்த்திருப்பீர்கள். அண்ணி மகனிடம் எதையும் சொல்லவில்லை. சமையலறைக் குழாயைக் கண்ணாடிக்காரரே மாற்றிக் கொடுத்தார். மத்தியானத்தில் கடையைச் சாத்துவதும் இல்லை. ஒரு மாதம் அமைதியாகப் போயிற்று. தண்டனை அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

“அண்ணி… அண்ணன் இப்ப வர்றதில்லையே?”

“வர்றாரே.”

கை பாதியில் நின்றது.

“கேள்விதான் மாறிடுச்சு,” என்றார் அண்ணி. “‘சின்னவன் கிளம்பிட்டானா?’ங்கிறாரு.”

அன்றைக்குப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுத்தியலுக்கும் அசையாத அந்தப் பின்சீட்டுக் கம்பிகள்… இரண்டும் கீழே இறங்கியிருந்தன. கால் வைப்பதற்கு வாகாக.

“நீங்க… என்ன சொல்றீங்க?”

அண்ணி இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

“சட்டை மாத்துறாருன்னு சொல்லி வச்சிருக்கேன், தம்பி.”