நிறை கூடின றெயிலர்

— இறங்குங்கோ அண்ணை.

— ஏன்டா வேல்? நான் என்ன மூட்டையே?

— ஆக்கள் உள்ளுக்கை இருந்தா நிறை பிழைக்கும். தராசுத் தட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கோ... இன்னும் தள்ளி. குலசிங்கம் எண்டு பேர் வைச்சாப்போலை சிங்கம் மாதிரி அதிலையே நிக்கிறதே?

— பகிடியை விட்டிட்டுக் கெதியா நிறு. வெய்யில் ஏற முதல் நான் ஹைவேயிலை நிக்கவேணும்.

— சனிக்கிழமையிலை யார்ட் பூட்டு. திறப்பு என்னட்டை இருக்கிறபடியாத்தான் நிறுக்கிறம். மண் லொறி நிறுக்கிற தராசு, பிழை சொல்லாது. முதல் வானைத் தனிய நிறுத்துப் பாத்தம். இப்ப வானும் பின்னாலை கொழுவின றெயிலரும் சேத்து. இதிலை அதைக் கழிச்சா... ஐயோ.

— என்ன ஐயோ?

— ஆயிரத்து ஐந்நூற்றிச் சொச்சம் கிலோ. இந்த றெயிலர் தாங்கிறது ஆயிரத்து முந்நூற்றறுபது. கதவடியிலை தகட்டிலை அடிச்சுக் கிடக்கு, பாருங்கோ.

— பாத்தன்.

— உதை இழுத்துக்கொண்டு வடக்கை ஏத்த இறக்கத்திலை போனா, வான் றெயிலரை இழுக்காது. றெயிலர்தான் வானை இழுக்கும்.

— உதை இரவல் தந்த வேலைத்தலத்து வெள்ளைக்காரன் வருசா வருசம் உதுக்குள்ளை பெண்சாதி பிள்ளையளோடை படுத்து மீன் பிடிச்சவன். நான் தனியாள்.

— தனியாள்... நாலு நாள் மீன்பிடி... ஒரு மூட்டை அரிசி. உது என்னண்ணை கணக்கு?

— பசிக்கும்.

— தட்டுக்கு வெளியிலை வைப்பம். பிடியுங்கோ அந்தப் பக்கம். தண்ணித் தாங்கி?

— வெறுமை.

— கட்டிலுக்குக் கீழை என்ன பெட்டி?

— சாமான்.

— என்ன சாமான்... அண்ணை, உது அண்ணியின்ரை தையல் மெசினெல்லே!

— ஓம்.

— மீன் பிடிக்கப் போற ஆளுக்குத் தையல் மெசின் என்னத்துக்கு? மீனுக்குச் சட்டை தைக்கவோ?

— வாயை மூடிக்கொண்டு இறக்கு.

— இந்தத் தகரத்துக்கை?

— திறக்காதை.

— திறக்காமலே மணக்குது. மிளகு, மல்லி, வேர்க்கொம்பு... சரக்குத் தூள். பிள்ளை பெத்தவளுக்குக் கறி காய்ச்சிற தூள். ஆர் இடிச்சது?

— நான்தான்.

— நீங்களோ! எப்ப?

— நீயும் மனுசி பிரதீபாவும் வேலைக்குப் போக, நான் வீட்டிலை தனிய நிக்கேக்கை. உங்கடை கிறைண்டர் எரிஞ்சது அதாலைதான்.

— ...மகளிட்டையே, சாம்பவியிட்டையே போறியள்?

— பிள்ளை பிறந்து நாளைக்கு முப்பத்தொண்டு. தீட்டுப் போற நாள், துடக்குக் கழிவு.

— மாப்பிள்ளை வீட்டார் வேதக்காரர் அண்ணை, சேர்ச்சுக்குப் போற ஆக்கள். அங்கை துடக்குமில்லை, கழிவுமில்லை.

— அவள் வேதக்காரியே? தாய் இருந்திருந்தா நாளைக்குத் தலையிலை தண்ணி வாத்திருப்பாள். தாயில்லை. நான் இருக்கிறன்.

— இருக்கிறியளோ? அந்தப் பெடியனைக் கலியாணம் முடிச்சாளெண்டு அவளைத் தலைமுழுகினனீங்கள். சும்மா வாயாலை இல்லை, பக்கெற்றிலை தண்ணி அள்ளி, எங்கள் எல்லாருக்கும் முன்னாலை.

— முழுகினனான். அதுக்கு?

— அண்ணியின்ரை செத்த வீட்டிலை வாசலோடை மறிச்சது?

— மறிச்சது நீ.

— மறிக்கச் சொன்னது நீங்கள்! ஒருக்கால் அம்மாவின்ரை முகத்தைப் பாக்க விடுங்கோ சித்தப்பா எண்டு என்ரை கையைப் பிடிச்சவள். நான் அந்தக் கையைப் பிரிச்சு விட்டன். ஆருக்காக?

— நீ நல்லாத்தான் நிண்டனீ.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை.

— வேறை எப்பிடிச் சொல்ல? ஒரு ஈ உள்ளுக்கை வரேல்லை. அப்பிடியொரு காவல்.

— ...போய் என்ன செய்யப் போறியள்?

— சாமானை வாசலிலை வைப்பன். பிள்ளையைக் காட்டினா பாப்பன். காட்டாட்டி வருவன். அவளிட்டை ஒரு மிடறு தண்ணி கேக்கமாட்டன். படுக்கிறதுக்கும் இடம் கேக்கமாட்டன். அதுக்குத்தானே உதை இரவல் வாங்கினது.

— அவள் இருக்கிற சட்பரி எண்டா இங்கையிருந்து நானூறு கிலோமீற்றர்.

— நாலாயிரமெண்டாலும் என்ன. நிறுத்துப் பார்.

— பொறுங்கோ... சரிவராது அண்ணை. அரிசியும் மெசினும் இறக்கியும் நூறு கிலோ கூட. பிறேக் பிடிக்காது. வழியிலை பொலிஸ் மறிச்சா அதிலையே றெயிலரைக் கழட்டுவான். பயணத்தை விடுங்கோ.

— தராசு அடிச்ச நிறைத் துண்டைத் தா.

— நான்தான் வாசிச்சனே.

— வேல். ஊரிலை பத்தொன்பது வருசம் சீமெந்து லொறியைத் தராசிலை நிறுத்தவன் நான். சில்லுக்கு மேலை வில்லுத் தகடு எவ்வளவு தாழ்ந்து நிக்குதெண்டு பாத்தா எனக்குத் துண்டு தேவையில்லை. தா.

— கண்ணாடி இல்லாமல் என்னண்டு...

— தாடா.

— ...இந்தாங்கோ.

— வானைக் கழிச்சா ஆயிரத்து இருநூற்றி இருபது. அதுவும் முதல் நிறை. அரிசியோடை, மெசினோடை.

— அண்ணை...

— நீ ஐயோ எண்டு சொல்லேக்கையே தெரியும். எவ்வளவு தூரம் போவாய் எண்டு பாப்பமெண்டுதான் மூட்டையைத் தூக்கித் தந்தன். உனக்கு அந்த வாசல்காரன் வேலை நல்லாப் பிடிச்சுப் போச்சு.

— எனக்கோ? என்ரை பிள்ளையள் நித்திரையிலை கத்தினாலும் எனக்கு அவளின்ரை அழுகைதான் கேக்குது. உங்களுக்கு என்ன தெரியும்?

— அப்ப ஏன் பொய் சொன்னனீ?

— முந்தநாள் அவள் என்ரை வேலைக்குப் போன் எடுத்தவள். உங்களை எப்பிடியும் மறிக்கச் சொல்லி.

— என்னெண்டு சொன்னவள்?

— விடுங்கோ.

— சொன்னதைச் சொல்லு.

— அம்மாவின்ரை பெட்டிக்குக் கிட்ட என்னை விடாத மனுசன் என்ரை பிள்ளையின்ரை தொட்டிலுக்குக் கிட்ட வரக்கூடாது எண்டவள். வந்தா உள்ளுக்கை இருந்துகொண்டு கதவு திறக்கமாட்டன் எண்டவள். அதை என்ரை வாயாலை சொல்ல ஏலாமல்தான்... நிறை கூட எண்டா, றெயிலரிலை கோவிச்சுக்கொண்டு நிண்டிடுவியள் எண்டு நினைச்சன்.

— ம்.

— ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை அண்ணை. 'போன கிழமை நான் வீட்டுக்குப் போன் எடுக்கேக்கை நீங்கள்தானே சொன்னியள் அப்பா வரப் போறாரெண்டு, மறிக்கிறனெண்டும் நீங்கள்தானே சொன்னியள் சித்தப்பா' எண்டு கேக்கிறாள். போன கிழமை நான் அவளோடை கதைக்கவே இல்லை.

— வீட்டுப் போனைத் தூக்கினது நான்தான். உன்ரை குரலும் என்ரை குரலும் போனிலை ஒண்டுதானே... 'சித்தப்பாவோ' எண்டாள். இல்லையெண்டா வைச்சிடுவாள். ஓம் பிள்ளை எண்டன். அப்பா வரப் போறார் எண்டன். பிறகு அந்த மனுசனைப் பற்றி வாயிலை வந்ததெல்லாம் சொன்னாள்... நான் ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை எண்டு கேட்டுக்கொண்டு நிண்டன். மறி எண்டாள், மறிக்கிறன் எண்டன். இருபது நிமிசம் கதைச்சவளடா வேல்.