கடைசியாகப் பேசியவர்கள்

சுபாஜினி: எங்க அப்பா எத்தன மணிக்குப் பேசினாருன்னு சொன்னீங்க தம்பி?

அஜந்தன்: ஒரு ஏழு... ஏழரை இருக்கும் அக்கா.

சுபாஜினி: காலையிலயா?

அஜந்தன்: மழை நாள் பாருங்க... காலையும் சாயந்தரமும் ஒரே மாதிரிதான் இருந்திச்சி.

சுபாஜினி: அவரு கோல் எடுத்தாரா, நீங்க எடுத்தீங்களா?

அஜந்தன்: அவரு மிஸ்கோல் அடிச்சாரு. நான் திருப்பி எடுத்தேன்.

சுபாஜினி: எங்க அப்பா. மிஸ்கோல் அடிச்சாரு.

அஜந்தன்: பெரிய கலைஞர்கள் எல்லாம் எளிமையானவங்கதானே.

சுபாஜினி: நீங்க பேஸ்புக்ல போட்டத வாசிக்கிறேன், சரியான்னு பாருங்க. ‘மறைவதற்கு முதல் நாள் இயக்குநர் நல்லையா என்னோடு தொலைபேசியில் பேசினார். தம்பி அஜந்தன், நம் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கதைகளை இனி நீதான் படமாக்க வேண்டும் என்றார். அதுவே அவருடைய இறுதி வார்த்தைகள் என்று அப்போது எனக்குத் தெரியாது.’

அஜந்தன்: எழுத்துப் பிழை ஏதும் இருக்கா அக்கா?

சுபாஜினி: எழுத்துல ஒரு பிழையும் இல்ல.

அஜந்தன்: அப்ப நான் முன்னுக்குப் போய் உக்காரவா... அஞ்சலிக் கூட்டத்துல அஞ்சாவதா பேச என் பேருதான். மூணாவது ஆள் இப்பவே முடிக்கப் போறாரு.

சுபாஜினி: இருங்க. அந்த மூணாவது ஆள் என்ன சொல்லிக்கிட்டிருக்காருன்னு கேக்குதா?

அஜந்தன்: இந்த ரூமுக்குள்ள சரியாக் கேக்கல... நல்லையா அண்ணன் கடைசியா அவரோடதான் பேசினாராம்.

சுபாஜினி: ரெண்டாவதா பேசின டீச்சரும் அதத்தான் சொன்னாங்க. மொதல்ல பேசின கூட்டத் தலைவர் சண்முகராஜா முதலாளி கடையத் தெறந்துக்கிட்டு இருந்தப்ப போன் வந்திச்சாம், பதுளையில மலையகக் கலை இனி உங்க கையிலன்னு சொன்னாராம். பேஸ்புக்கையும் சேத்து எண்ணிப் பாத்தேன். ஏழு பேரு. ஒரே நாள்ல.

அஜந்தன்: நல்ல போன் பெக்கேஜ் ஒண்ணு போட்டிருந்திருப்பாரு.

சுபாஜினி: தம்பி, அப்பாவுக்கு எட்டு மாசமா பேச்சே இல்ல.

அஜந்தன்: பேச்சே இல்லையா?

சுபாஜினி: மண்டையில நரம்பு அடைச்சிருச்சி. சித்திரை முடிஞ்ச கையோட. அன்னைக்குப் போன பேச்சு, அவரு போற வரைக்கும் திரும்பி வரல்ல. நாங்க வெளியில யாருக்கும் சொல்லல்ல.

அஜந்தன்: அப்ப அந்த மிஸ்கோல்...

சுபாஜினி: அதத்தான் நானும் கேக்குறேன்.

அஜந்தன்: மிஸ்கோல் அடிக்கிறதுக்குப் பேச்சு தேவையில்லதானே அக்கா.

சுபாஜினி: தம்பி.

அஜந்தன்: பொய்தான் அக்கா.

சுபாஜினி: ஏன்?

அஜந்தன்: அவரு தவறின அன்னைக்குக் காலையில கேம்பஸ் கென்டீன்ல இருந்தேன். போனத் தெறந்தா, எல்லாரும் அவரோட எடுத்த போட்டோவாப் போட்டுக்கிட்டு இருக்காங்க. ஒருத்தன் அவரோட முழங்கை மட்டும் விழுந்த போட்டோ ஒண்ணப் போட்டு, ‘என் ஆசான்’னு எழுதியிருந்தான். எங்கிட்ட முழங்கைகூட இல்ல. அதனாலதான் போன் வந்ததா எழுதினேன். போன் வந்ததுக்கு யாரும் போட்டோ கேக்க மாட்டாங்கள்ல.

சுபாஜினி: அவ்வளவுதானா?

அஜந்தன்: மத்தியானத்துக்குள்ள முந்நூறு ஷேர். பயந்துட்டேன். அழிச்சிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள எங்க அம்மா போன்ல வந்து அழுவுறாங்க. சந்தோசத்துல.

சுபாஜினி: அவங்களுக்கு எங்க அப்பாவத் தெரியுமா?

அஜந்தன்: அவரோட ரெண்டாவது படத்துல இருக்காங்க. ஸ்பிரிங்வெளி தோட்டத்துல எடுத்தது. கொழுந்துக் கூடையோட நின்னு ஒரே ஒரு வரி பேசுவாங்க.

சுபாஜினி: ராசம்மா அக்கா மகனா நீங்க?

அஜந்தன்: ஆமா.

சுபாஜினி: அந்த வரிக்கு ஒரு பகல் பூரா எடுத்தாருன்னு அம்மா சொல்லுவாங்க. அப்பா வசனம் எழுதிக் குடுக்க மாட்டாரு. கெமராவுக்குப் பின்னால நின்னு அவரே சொல்லுவாரு, கொழுந்து எடுக்கிறவங்க அதத் திருப்பிச் சொல்லணும். பொறகு தன்னோட கொரல வெட்டுறேன்னு ராவு பகலா உக்காந்திருப்பாரு. முழுசா வெட்ட வராது.

அஜந்தன்: வெட்டல்ல. எங்க அம்மா வாயத் தெறக்க முந்தி, ‘திரும்பிப் பாத்துச் சொல்லும்மா’ன்னு உங்க அப்பா கொரல் லேசாக் கேக்கும். எங்க லயத்துப் புள்ளைங்க அதையும் சேத்துத்தான் சொல்லுங்க, அதுவும் வசனம்னு. அவரு கொரல் எனக்கு அவ்வளவு பழக்கம் அக்கா. அதனாலதான் பொய்யும் சுலபமா வந்திருச்சி.

சுபாஜினி: அவங்க வந்திருக்காங்களா?

அஜந்தன்: மூணாவது வரிசை. நீலச் சேல. அரை நாள் வேலைய விட்டுட்டு, லயத்துல இருந்து பன்னெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. நல்லையா அண்ணன் கடைசியாப் பேசினது எம் மகன்கிட்டன்னு, காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறப்பவே எல்லாருக்கும் சொல்லியாச்சாம். கங்காணிகூட கைகுடுத்தாராம்.

சுபாஜினி: நாலாவது ஆள் ஏறிட்டாரு.

அஜந்தன்: தெரியும். அடுத்தது நான்தான்.

சுபாஜினி: மேடையில நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க தம்பி. ஆறு பேரு சொல்றாங்க, ஏழாவது ஆளா நீங்களும் சொல்லிட்டுப் போங்க. எனக்குப் பிரச்சின என் அம்மா. பக்கத்து வீட்டுப் புள்ள நீங்க போட்டத அவங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கு. அன்னையிலிருந்து ஒழுங்காச் சாப்பாடு இல்ல. அந்தத் தம்பிகிட்ட என்ன பேசினாரு, வேற என்ன பேசினாருன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. எட்டு மாசம் வாயத் தொடச்சு ஊட்டினவங்க. அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லாத மனுசன், எவனோ ஒரு பையனுக்கு மிஸ்கோல் அடிச்சுப் பேசியிருக்காரு. எப்படி இருக்கும் சொல்லுங்க.

அஜந்தன்: மிஸ்கோல்னு நான் எழுதல்ல அக்கா. அது நீங்க கேட்டப்ப வந்தது.

சுபாஜினி: அம்மாகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிருங்க. மேடைக்கு ஏற முந்தி.

அஜந்தன்: என்னையப் பத்தி என்ன நெனப்பாங்க?

சுபாஜினி: பொய்யன்னு நெனப்பாங்க. அவங்க மனசு ஆறும்.

அஜந்தன்: அக்கா... ஒண்ணு கேக்கட்டா? நீங்க போட்டதையும் வாசிச்சேன். கடைசி மூச்சு வரைக்கும் அப்பா கையப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்னு... நான் லைக் போட்டேன்.

சுபாஜினி: வேன்ல இருந்தேன்.

அஜந்தன்: என்ன வேன்?

சுபாஜினி: எயார்போர்ட்டுல இருந்து வந்த வேன். டோஹாவுல வேல செய்ற எடத்துல லீவு கெடச்சு வாறதுக்குள்ள... பண்டாரவளையத் தாண்டல்ல, அம்மா போன் எடுத்து, போயிட்டாருன்னு சொல்லிட்டாங்க. ஹாலிஎல வீட்டுக்கு வந்து எறங்கிறப்ப ரோட்டுல வெள்ளக் கொடி கட்டியிருந்தாங்க.

அஜந்தன்: அப்ப அந்தக் கை...

சுபாஜினி: முன் சீட்டத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தேன்.

அஜந்தன்: மன்னிச்சிருங்க.

சுபாஜினி: எட்டு மாசமும் தெனம் போன் எடுப்பேன் தம்பி. அவரால பேச முடியாதும்மா, உன் சத்தத்தக் கேட்டா அழுவாரு, வேணாம்னு அம்மா சொல்லுவாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். மொதக் கிழமை ஒரு தடவ காதுல வெச்சாங்க, லைன் இழுத்து ஒண்ணும் கேக்கல்ல. பொறகு ஒரு நாளாவது காதுல வையுங்க, நான் மட்டும் பேசுறேன்னு கேட்டிருக்கலாம். கேக்கல்ல. வேலைக்கு நேரமாச்சுன்னு வெச்சிருவேன்... இந்தா, அம்மாவே வாறாங்க. சொல்லிருங்க.

ரெங்கம்மா: இதுதான் அந்தத் தம்பியா?

சுபாஜினி: ஆமாம்மா. உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்.

ரெங்கம்மா: எனக்கும் கேக்கணும். நீ போய்த் தம்பிக்கு ஒரு பிளேன்டீ வாங்கிட்டு வா.

சுபாஜினி: அவரு இப்ப பேசப் போகணும்மா.

ரெங்கம்மா: தொண்ட காஞ்சிருக்கிற புள்ள எப்படிப் பேசும்? போ. சீனி பாத்து வாங்கு.

சுபாஜினி: சரி... தம்பி, மறக்காதீங்க.

ரெங்கம்மா: போயிட்டாளா? அந்தக் கதவச் சாத்துங்க.

அஜந்தன்: அம்மா, நான் வந்து...

ரெங்கம்மா: நான் மொதல்ல கேட்டுக்கிறேன். அவரு உங்ககிட்ட மகளப் பத்தி ஏதாவது சொன்னாரா?

அஜந்தன்: மகளப் பத்தியா? இல்லம்மா.

ரெங்கம்மா: எனக்குப் புள்ளையே இல்லன்னு சொன்னாரா? மறைக்காமச் சொல்லுங்க. சொன்னா சொன்னாருன்னு சொல்லுங்க.

அஜந்தன்: அவரு எங்கிட்ட பேசவே இல்லம்மா.

ரெங்கம்மா: எனக்காக மாத்திச் சொல்லாதீங்க.

அஜந்தன்: சத்தியமா. அவரோட நம்பர்கூட எங்கிட்ட இல்ல. பேருக்காகப் பொய் எழுதினேன். உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்.

ரெங்கம்மா: ஒரு வார்த்தகூடப் பேசல்ல?

அஜந்தன்: ஒரு வார்த்தகூட.

ரெங்கம்மா: முருகா... என் வயித்துல பால வார்த்தீங்க தம்பி.

அஜந்தன்: ஏசுவீங்கன்னு நெனச்சேன்.

ரெங்கம்மா: அவரு போறதுக்கு முதல் நாள், நான் மருந்தெடுக்கப் போயிட்டு வந்து பாத்தா, ஒளிச்சு வெச்ச போன் அவரு கையில இருந்திச்சி. காதுல வெச்சிப் பேசிக்கிட்டு இருந்தாரு. அந்தப் பக்கம் ஆள் இருந்தாங்களோ என்னவோ. நீங்க எழுதினத அந்தப் புள்ள வாசிச்சப்ப, அது நீங்கதான்னு நெனச்சிட்டேன். இன்னையோட முப்பது நாளு, தூக்கமில்ல.

அஜந்தன்: பேசிக்கிட்டு இருந்தாரா? அவருக்குப் பேச்சே இல்லன்னு அக்கா இப்பத்தான்...

ரெங்கம்மா: அது நான் அவகிட்ட சொன்னது. நரம்பு அடச்சது உண்மதான். போனது பேச்சு இல்ல தம்பி. ஞாபகம். பேச்சு அப்படியே இருந்திச்சி. காலையில எழும்பினா செவுத்தப் பாத்துத் தொடங்கிருவாரு. திரும்பிப் பாத்துச் சொல்லு, இன்னொரு தடவ சொல்லுன்னு. நானும் சொல்லுவேன். என்னைய ஏதோ நடிக்க வந்த பொம்பளன்னு நெனச்சிக்கிட்டாரு. நல்லாச் செய்றம்மா, எந்தத் தோட்டம்னுகூட ஒரு நாள் கேட்டாரு.

அஜந்தன்: அக்காகிட்ட இதச் சொல்லியிருக்கலாமேம்மா.

ரெங்கம்மா: மொதக் கிழமையே அவ போன் எடுத்தா. காதுல வெச்சேன். அவ அப்பா அப்பாங்கிறா, இவரு யாரும்மா நீ, யாரு வேணும்ங்கிறாரு. லைன் இழுத்துக்கிட்டு இருந்ததால அவளுக்குச் சரியாக் கேக்கல்ல. நான் வெச்சிட்டேன். பொறகு அவ போட்டோவக் கொண்டுபோய்க் காட்டினேன். மொகம் நல்லா இருக்கு, நடிக்க வருமான்னு வீட்டுல கேட்டுப் பாருங்கன்னாரு.

அஜந்தன்: அம்மா...

ரெங்கம்மா: அப்பாவால பேச முடியலன்னா ஒரு புள்ள அழுதுட்டு வேலைக்குப் போயிரும். அப்பாவுக்குத் தன்னையவே தெரியலன்னா, அந்த ஊர்ல தனியா இருந்துக்கிட்டு அவ என்ன செய்வா? அதுதான் பேச்சுப் போயிருச்சின்னு சொன்னேன். வீட்டுக்கு வந்தவங்களையும் வாசலோட அனுப்பிட்டேன்.

அஜந்தன்: நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ரெங்கம்மா: அது போதாது தம்பி. மேடையில ஒருத்தரு மாத்தி ஒருத்தரு, எங்கிட்ட பேசினாரு எங்கிட்ட பேசினாருங்கிறாங்க. அவ கேட்டுக்கிட்டே இருக்கா. இன்னைக்குப் பொய்யின்னு சிரிப்பா. நாளைக்கு ஒண்ணாவது உண்மையா இருக்குமோன்னு தோணும். தோணினா என்னையக் கேப்பா. நீங்க மேடையில ஏறி, பேசல்ல, நான் பொய் எழுதினேன்னு ஒடச்சுச் சொல்லிருங்க. ஒருத்தரு சொன்னாப் போதும், மத்ததும் பொய்யின்னு முடிஞ்சிரும்.

அஜந்தன்: எங்க அம்மா மூணாவது வரிசையில இருக்காங்க.

ரெங்கம்மா: ராசம்மா. தெரியும். வந்த ஒடனே என் கையப் புடிச்சிக்கிட்டு அதத்தான் சொல்லிச்சி.

அஜந்தன்: லயமே வந்திருக்கு. நாளைக்குக் காலையில அவங்க பெரட்டுக்குப் போய் நிக்கணும்.

ரெங்கம்மா: கேக்கக் கூடாததுதான் தம்பி... கேக்குறேன். இந்தா, கைதட்டுறாங்க. நாலாவது ஆள் முடிச்சிட்டாரு போல.

அஜந்தன்: மைக்ல என் பேரச் சொல்றாங்க. ‘இயக்குநரின் இறுதிக் குரலைக் கேட்ட இளைஞர்.’

சுபாஜினி: தம்பி, கூப்பிடுறாங்க. டீ கொதிக்குது, பேசிட்டு வந்து குடிங்க... ஏம்மா கதவச் சாத்தினீங்க?

ரெங்கம்மா: சாரல் அடிச்சிச்சி.

சுபாஜினி: சொன்னீங்களா தம்பி?

அஜந்தன்: சொல்லிட்டேன் அக்கா. மேடையிலயும் சொல்லப் போறேன். அவரு எங்கிட்ட பேசல்லன்னு.

சுபாஜினி: வேணாமே. உங்க அம்மா இருக்காங்க.

அஜந்தன்: இருக்காங்க. கூடப் பன்னெண்டு பேரும் இருக்காங்க. போறப்ப வேன்ல எனக்கு சீட் இருக்காதுன்னு நெனக்கிறேன்.

சுபாஜினி: தம்பி... ஒரு நிமிசம். என் அம்மா எங்கிட்ட சரியாச் சொல்ல மாட்டேங்கிறாங்க. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? எட்டு மாசத்துல அப்பா எனக்குன்னு ஒரு சத்தமாவது போட்டாரா?

அஜந்தன்: வாயே தெறக்கல்லையாம் அக்கா. ஆனா உங்க போட்டோவக் காட்டினா மட்டும், வெச்ச கண்ணு வாங்காமப் பாத்துக்கிட்டே இருப்பாராம்.