எதிர்ல ஆள் இருக்கணுமாம்

தாராளமா உக்காருங்க தம்பி. எனக்கும் இங்க யாரையும் தெரியாது. சிரிக்காதீங்க, இதே கம்பெனியிலதான் ஆறு வருஷமா வேல பாக்குறேன். கழுத்துல விசிட்டர் கார்டு மாட்டி விட்டிருக்காங்க பாருங்க. யாரப் பாக்கணும்னு வாசல்ல கேட்டாங்க. என் மேனேஜரத்தான்னேன். அவரும் வந்து பாத்துட்டு, அட, நீங்க இவ்ளோ உயரமாங்குறாரு. ஸ்கிரீன்ல கழுத்து வரைக்கும்தானே தெரியும்.

வேலையா? கிடங்குலேந்து எந்த லாரி எப்ப கெளம்பணும், எந்தக் கடைக்கு மொதல்ல போகணும்னு திட்டம் போடுறது. எங்க அத்தைக்கு, மாமியாருக்குத்தான், இடுப்பு எலும்பு ஒடஞ்சப்ப வீட்டுலேந்தே பாக்குறேன்னு கேட்டேன். அப்ப ஆபீஸ் வேற கட்டடம், மேனேஜரும் வேற. சரின்னுட்டாங்க, குத்தம் சொல்லக்கூடாது. ஒரு கையால அத்தையத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால லாரிய அனுப்பியிருக்கேன். டீம்ல யாருக்கு என்ன சிக்கல்னாலும் மொத போன் எனக்குத்தான்.

போன மாசம் எங்க லீடர் வேலைய விட்டுப் போனாரு. அந்த எடம் எனக்குத்தான்னு நெனச்சேன். நெனச்சது என்ன, வீட்டுல சொல்லியே வச்சிருந்தேன். அப்பறம் ஒரு வீடியோ மீட்டிங்ல எல்லாரும் கைய ஆட்டி முடிச்சாங்க, நானும் ஆட்டுனேன். அந்தப் பக்கம் லைன கட் பண்ண மறந்துட்டாங்க. நாற்காலி நகர்ற சத்தம் கேக்குது, யாரோ டீ சொல்றாங்க. மேனேஜர் பேசுறாரு. அந்தம்மா அளவுக்கு வேல தெரிஞ்சவங்க கெடையாது, ஆனா லீடர்னா எதிர்ல ஆள் இருக்கணும்ப்பாங்குறாரு. ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. எல்லாம் எங்கிட்ட வேல கத்துக்கிட்டவங்க. அதுதாங்க இன்னமும் ஆற மாட்டேங்குது.

ஆபீஸுக்கே வந்துர்றேன்னு சொல்லியிருக்கலாமா? சொல்லலாம். அத்தையத் தூக்கி உக்கார வைக்க யாரு இருக்கா? வீட்டுக்காரருக்கு ஷிப்டு வேல. இன்னைக்கே பக்கத்து வீட்டு அக்கா கையில கால்ல விழுந்துதான் விட்டுட்டு வந்திருக்கேன்.

இன்னைக்கு எதுக்கு வந்தேன்னா... மேனேஜர் நேத்து கூப்பிட்டு, உங்களத்தான் நம்பியிருக்கேன், ஒரு நாள் மட்டும் வந்துட்டுப் போங்கன்னாரு. நல்லாத்தான் பேசுவாரு, அதுல கொறையே இல்ல.

என்னது, நீங்களும் இன்டர்வியூல கேக்கப் போறீங்களா? வாரத்துல ரெண்டு நாளாவது வீட்டுலேந்தா? ஓ, கொழந்த இப்பத்தான் பொறந்திருக்கா. நல்லா இருக்கட்டும். வீட்டுல ஒத்தாசைக்கு வேற யாரும் இல்லையா? ம்.

தம்பி, அத உள்ள வந்து சொல்லிராதீங்க. நீங்க வந்திருக்குறது அந்த லீடர் எடத்துக்குத்தான். உங்களுக்கு வேல தெரியுமான்னு பாக்கத்தான் என்னைய வரச் சொன்னாங்க. தெனமும் ஆபீஸுக்கு வருவீங்களான்னு மொதல்ல கேட்டுருங்கன்னு சொல்லியிருக்காங்க. நான்தான் கேக்கணும்.

வாங்க, கூப்பிடுறாங்க. பதில் சொல்றப்ப என் மூஞ்சிய மட்டும் பாக்காதீங்க.