மேட்டுக் காட்டு மண்

ராசிபுரத்திலிருந்து சேலம் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் கரி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு விவசாயிகள். "அமெரிக்காவுல வெள்ளாமைக் காடுகாடா மண்ணு பறந்து போயிருச்சாம், மாப்ளே!" என்றார் மூத்தவர். படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை நான் மடித்துவிட்டேன்.

"அப்பறம்?" என்றார் இளையவர்.

"சர்க்காரே பணம் குடுத்து, சரிவுக்குக் குறுக்கே உழுவச் சொல்லுதாம். சப்பான்ல மலையவே படிபடியா வெட்டிக் கரை கட்டறாங்களாம்."

"நம்மூருலீங்க?"

"நம்மூருல என்ற தங்கச்சி புருசன் நீ சம்மதிக்கோணும்! மழைக்கு மழை என்ற மேட்டுக் காட்டு மண்ணு உன்ற பள்ளக் காட்டுக்குத்தானே வருது? கரை போட்டா, தங்கச்சிக்குப் போற சீரை அண்ணனே நிறுத்திப்போட்டான்னு ஊரு பேசும். அதான் ரெண்டு வருசமா வாயத் தொறக்கல. வர்ற ஐப்பசி மழைக்கு முந்தி கட்டிப்போடட்டுமா?"

"தாராளமாக் கட்டுங்க மச்சான். கரைக்குக் கல்லு கொண்டாற என்ற வண்டியவே அனுப்பறனுங்க."

மூத்தவருக்கு நம்பவே முடியவில்லை. "ஏன் மாப்ளே, திடீர்னு இத்தனை பெரிய மனசு?"

"நல்ல மண்ணெல்லாம் முன்னமே வந்து சேந்துருச்சுங்க. போன மழையிலிருந்து வெறுஞ் சரளைக்கல்லுதானுங்க வருது!"

பஸ்ஸில் முதலில் சிரித்தவர் மூத்தவர்தான்.