பின்னேரம் கழற்றிக் கொடுக்கும் கால்

மானிப்பாயில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால், போராளி இயக்கத்தில் ஒன்றாக இருந்து விலகிய இருவர். ஒருவருக்கு வலது கால் பொய்க்கால். பிறர் பேச்சைக் கேட்காமல் நிற்க எனக்குத் தெரியாது.

"மச்சான், இண்டைக்குப் பின்னேரம் உன்ரை பொய்க்காலைக் கொண்டுபோக மாட்டன்," என்றார் மற்றவர்.

"ஏன்?"

"நீ கள்ளுத் தவறணைக்கு நடந்து போகாமல் இருக்கத்தானே ஒவ்வொரு பின்னேரமும் கழட்டி வாங்கினனான். இப்ப குடியை விட்டிட்டாய்."

"ஓம், உன்னாலைதான் விட்டனான். எண்டாலும் கொண்டுபோ."

"இனி என்னத்துக்கு?"

"கொண்டுபோனால்தானே விடியத் தர வருவாய். சண்டை கனவிலை வந்து எழும்பினாலும், விடிய நீ வருவாய் எண்டு திரும்பப் படுத்திடுவன்."

மற்றவர் அவருடைய எண்ணெய்க் கானையும் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"சரி, பின்னேரம் வாறன். கழட்டி வை."