மதுஜாவின்ரை முகம்

இல்லைத் தம்பி பானுஜன், பாட்டு வேண்டாம். புல்லாங்குழலும் வேண்டாம். படத்தின்ரை கரையிலை குத்துவிளக்கு எரியிற மாதிரி ஒண்டு போடுவியள், அதையும் விடுங்கோ. பனியிலை ஸ்கீ உரசிற சத்தம் இருக்கெல்லே, சர்ர்ரெண்டு, அது போதும். அவள் மூச்சு வாங்கிறதும் கேக்கும். அதை வெட்டிப்போடாதேங்கோ.

ஓம், வாற ஞாயிற்றுக்கிழமைதான் அவளின்ரை முப்பத்தோராம் நாள். லாங்கன்தாலிலை ஹோல் எடுத்திருக்கு. பூசை முடிஞ்சு சாப்பாட்டுக்கு முதல் திரையிலை போடவேணும். மற்ற வீடுகளிலை போட்டோ ஓடவிடுவினம். எங்கடை மதுஜா ஸ்கீப் பைத்தியமெல்லோ, அவளுக்குப் படமாய்த்தான் ஓடவேணும் எண்டு அவளின்ரை அப்பா ஒரே பிடியாய் நிக்கிறார்.

கமராக் கார்டெல்லாம் இந்தப் பைக்குள்ளை கிடக்கு. எல்லாம் அவள் எடுத்ததுதான். ஆனா ஒரு கரைச்சல். கமரா இருந்தது அவளின்ரை ஹெல்மெட்டிலை. மலை தெரியுது, மரம் தெரியுது, முன்னாலை போற பெடியளின்ரை முதுகு தெரியுது. வெய்யில் எறிச்சா அவளின்ரை நிழலும் தெரியுது. முகம் இல்லை. இவர் ஒவ்வொண்டாய்ப் போட்டுப் போட்டுப் பாத்திட்டு, பிள்ளை எங்கையப்பா எண்டு என்னைக் கேக்கிறார். வாற சனம் மலையைப் பாத்திட்டுச் சாப்பிட்டுப் போறதோ? சீலையோடை நிண்ட படம் கனக்க இருக்கு. அது வேண்டாமாம் அவருக்கு. மலையிலை நிக்கிற முகம் வேணுமாம்.

உங்களுக்கு அவளை ஞாபகமிருக்கோ? அவள் பெரிசாகி வைச்ச சாமத்திய வீட்டுப் படம் நீங்கள்தானே வந்து எடுத்தனீங்கள். அப்ப உங்களுக்குத் தலை நிறைய மயிர். பச்சைத் துணியைக் கட்டி, அவளை அதுக்கு முன்னாலை நிப்பாட்டி, பின்னுக்குப் பனிமலை போட்டுத் தந்தனீங்கள். வானம் வெளிச்சா யன்னலுக்குள்ளாலை மலை தெரியிற நாட்டிலை! வீட்டிலை எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பாக்கிறம், இவள் சொல்லுறாள், அம்மா, உது எங்கடை மலையில்லை, கனடா மலை எண்டு. சிரியுங்கோ, சிரியுங்கோ, நானும் அண்டைக்கு விழுந்து விழுந்து சிரிச்சனான். ஸ்கீப் படம் பாத்துப் பாத்து, உலகத்து மலையெல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி. மூக்கைப் பாத்தே ஆரெண்டு சொல்லிப்போடுவாள்.

எல்லாம் அந்த ஸ்கிலாகரிலை தொடங்கினது. பள்ளிக்கூடத்தாலை ஒரு கிழமை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குவினமே, அது. நாங்கள் என்னத்தைக் கண்டம்? குளிருமெண்டு ஜீன்ஸுக்கு மேலை ஜீன்ஸ் போட்டு அனுப்பினனான். நனைஞ்சு உறைஞ்சு, காற்சட்டை தனிய எழும்பி நிண்டதாம். அழுதுகொண்டு வருவாளெண்டு பாத்தா, அடுத்த முறை எப்ப எண்டு கேட்டுக்கொண்டு வாறாள்.

பிறகு பனி விழ முதலே, பேர்ண் தியேட்டருக்கு ஸ்கீப் படம் வந்திடும். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். கம்பளித் தொப்பி போட்ட பெடி பெட்டையளுக்கு நடுவிலை, வேலையாலை வந்த உடுப்போடை நான். ஒருத்தன் அந்தரத்திலை பாயேக்கை கண்ணைப் பொத்திப்போடுவன். இப்ப திறவுங்கோ அம்மா, அவன் நிலத்திலை நிக்கிறான் எண்டு காதுக்குள்ளை சொல்லுவாள். கதையே இல்லைத் தம்பி அதிலை. ஏறுவினம், இறங்குவினம். இதுக்கேனடி கண் கலங்கிறாய் எண்டு ஒருநாள் கேட்டன். இறங்கேக்கை மண்டைக்குள்ளை ஒண்டுமே இருக்காதம்மா, அந்தச் சுகம் உங்களுக்குத் தெரியாது எண்டாள். உன்ரை மண்டைக்குள்ளை எப்பவும் ஒண்டுமில்லைத்தானே எண்டு நக்கலடிச்சனான்.

அவள் இந்த லோசானுக்கு வந்ததும் படிக்கவெண்டு ஒரு சாட்டு, மலை கிட்ட எண்டுதான். பொங்கலுக்கு வா பிள்ளை எண்டா, புதுப்பனி விழுந்திருக்கம்மா, சூரியனை நான் மேலை நிண்டு கும்பிடுறன் எண்டுவாள். போன மாதமும் புதுப்பனி எண்டுதான் போனவள். சரிவிலை இருந்த பனி அப்பிடியே கழண்டு வந்திட்டுதாம். கூடப் போன பெடியன் தப்பிட்டான்.

என்ன கேட்டனீங்கள்? லாங்கன்தால் பக்கத்திலை படம் செய்யிற ஆக்கள் இல்லையோ எண்டோ? இருக்கினம் தம்பி. எங்கடை தெருவிலேயே ஒருத்தர் இருக்கிறார்.

இந்தாங்கோ, இந்தக் கார்டை நான் பைக்குள்ளை போடேல்லை. பனிக்குள்ளை அவளைத் தேடின ஆக்கள் கமராவோடை தந்தது. இவர் இன்னும் பாக்கேல்லை, நான்தான் பாத்தன். உச்சியிலை நிண்டு ஹெல்மெட்டைக் கழட்டி, தன்ரை பக்கம் திருப்பிப் பிடிக்கிறாள். முகம் முழுக்கத் தெரியுது. மூக்கு நுனி சிவந்து, கண்ணிமையிலை பனி. என்னவோ சொல்லுறாள். சொல்லிப்போட்டு ஹெல்மெட்டைக் கொழுவிறாள். பிறகு இறங்கிற சத்தம். அதோடை நான் நிப்பாட்டிட்டன்.

தமிழெண்டா விளங்கியிருக்கும். எங்கடை பக்கத்து ஜேர்மன் பாசை டொச்செண்டாலும் ஆசுப்பத்திரியிலை கூட்டித் துடைச்ச இவ்வளவு காலத்திலை ஏதும் பிடிபட்டிருக்கும். பிள்ளை பிரெஞ்சிலையெல்லோ சொல்லுறாள், கூடப் போன அந்தப் பெடியனைப் பாத்து. அவனைக் கேக்கலாம்தான். அவன் பாவம், அழுதழுது எனக்கு நல்லதாய் மாத்திச் சொல்லிப்போடுவான். அந்தச் சத்தம் எனக்கு இப்ப பாடம் தம்பி. வாயாலை அப்பிடியே சொல்லிக் காட்டுவன், என்னெண்டுதான் தெரியாது. இஞ்சை வரேக்கை ரெயினிலை பக்கத்திலை இருந்த மனிசியைக் கேப்பமோ எண்டு நாக்கு நுனிவரை வந்தது. விட்டிட்டன்.

சிரிக்கிறாளோ, குளிரிலை வாய் கோணுதோ, பயந்துபோய்ச் சொல்லுறாளோ, பெத்த எனக்கே பிடிபடேல்லை. அது தெரியாமல் இந்த முகத்தை அவளின்ரை அப்பாவுக்கு முன்னாலை எப்பிடிப் போடுறது?

நீங்கள் இந்த ஊரிலை பிறந்து வளந்தனீங்கள். பிரெஞ்சு தெரியுமெண்டுதான் உங்களிட்டை வந்தனான். படத்தைப் பிறகு பாப்பம். அந்தக் கதவை ஒருக்காச் சாத்திப்போட்டு இதைப் போடுங்கோ. அவள் சொல்லுறதை, ஒரு சொல்லும் மாத்தாமல், எனக்குத் தமிழிலை சொல்லுங்கோ.